துவாஸ் புல்வெளியில் அரை வீச்சு



சென்ற வாரம் ஒரு வேலையாகத் துவாஸ் பக்கம் செல்ல நேர்ந்தது. ஜாலான் அகமது இப்ராகிம் வழியாக வண்டி சென்றபோது, ஒரு காலத்தில் ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப் இருந்த திசையை என் கண்கள் தாமாகத் தேடின. அங்குத்தான் 2012ஆம் ஆண்டு, வயிற்றில் குழந்தையுடன் நான் கோல்ஃப் விளையாடினேன். பலரும் இதைக் கேட்டுத் திகைப்பதுண்டு. எனவே நடந்ததை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் கணவர் துவாஸில் கப்பல் பட்டறையொன்றில் பொறியாளர். அவருடன் பொழுதுபோக்காகத் தொடங்கிய ஆட்டம் எனக்குப் பழக்கமாகிவிட்டது. சனிக்கிழமைகளில் சூரியன் எழும் வேளையில் தெங்கே நீர்த்தேக்கத்தின் அருகே புல்வெளியில் நிற்பது, வாரம் முழுதும் வகுப்பறையில் நின்ற எனக்குப் பெரிய ஆறுதல்.

2010இல் எனக்கு முதற்கரு கலைந்தது. அப்போது உறவினர் ஒருவர், "மட்டையைப் பிடித்து உடம்பை அப்படி முறுக்கினால் எப்படித் தங்கும்?" என்று என் காதுபடச் சொன்னார். அச்சொல் ஈராண்டுகள் என்னுடன் படுத்து என்னுடனே எழுந்தது. மட்டைப்பையை அலமாரிக்குப் பின்னே தள்ளிவிட்டேன்.

மறுபடியும் கருவுற்றபோது மருத்துவரிடம் முதலில் கேட்டது அதைத்தான். அவர் பொறுமையாக விளக்கினார். தொடக்க வாரங்களில் கலையும் கருக்களில் பெரும்பாலானவை நிறமூர்த்தக் குறைபாட்டால் கலைபவை. தாய் நடந்ததாலோ ஆடியதாலோ அல்ல. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் வாரம் 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி நல்லதே என்றார். நிபந்தனைகளும் விதித்தார்: உச்சி வெயில் கூடாது, தண்ணீர் குறையக்கூடாது, பையைத் தூக்கக்கூடாது, சறுக்கும் ஈரப்புல்லில் கவனம் வேண்டும், இரத்தக்கசிவு, மயக்கம், வலி, நீர்க்கசிவு எது தோன்றினாலும் அப்போதே நிறுத்திவிட்டு வர வேண்டும். அன்று வீடு திரும்பும் வழியில் நான் அழுதேன். அது துக்கத்தில் வந்த அழுகையன்று.

ஐந்தாம் மாதத்தில் மீண்டும் களத்தில் நின்றபோது என் உடல் எனக்கே அந்நியமாக இருந்தது. வயிறு முன்தள்ள, உடலின் ஈர்ப்பு மையம் இடம் மாறியிருந்தது. ரிலாக்சின் என்னும் இயக்குநீர் மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்களைத் தளர்த்துவதால் இடுப்பு முன்போல் உறுதியாக நிற்கவில்லை. பழைய நினைப்பில் முழு வீச்சு வீசினேன், தடுமாறினேன். பந்து மட்டும் நகரவே இல்லை.

பிறகுதான் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். கால்களை அகற்றி வைத்தேன். முதுகை நிமிர்த்தினேன். மட்டையைத் தோளுக்கு மேல் கொண்டுபோகாமல் அரை வீச்சில் நிறுத்தினேன். ஏழாம் எண் மட்டையால் அடித்த தூரத்துக்கு ஐந்தாம் எண்ணை எடுத்தேன். குழியிலிருந்து பந்தை எடுக்கக் குனிய முடியாததால், மட்டையின் பிடி நுனியில் ரப்பர் உறிஞ்சியொன்றைப் பொருத்தித் தந்தார் கணவர். பதினெட்டுக் குழிகள் ஒன்பதாயின, ஒன்பது ஆறாயின.

அந்த ஜூலையில்தான் இலண்டன் ஒலிம்பிக்கில் மலேசியாவின் நூர் சூர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாகத் துப்பாக்கி சுடும் போட்டியில் பங்கேற்றார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த என் அத்தை (மாமியார்) நெடுநேரம் பேசவில்லை. மறுவாரம், "நானும் வர்றேன்மா, தனியா விடமாட்டேன்" என்று மோர்க்குடுவையும் குடையுமாகக் கிளம்பிவிட்டார். பக்கி வண்டியில் அமர்ந்து, நான் அடித்த ஒவ்வொரு பந்துக்கும், "போதும், உட்காரும்மா" என்பார். தேக்காவில் வாங்கிய வளைகாப்பு வளையல்களை அணிந்தபடி நான் ஆடிய நாளில், அவற்றின் ஓசையைக் கேட்டு அவரே முதலில் சிரித்தார்.

எட்டாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மூன்றாவது குழியருகே இடுப்பெலும்பில் சுருக்கென்று வலி. இன்னொரு பந்து அடித்துப் பார்க்கலாமே என்று மனம் கெஞ்சியது. பழைய அச்சம் ஒருபுறம், வீம்பு மறுபுறம். மட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, "வீட்டுக்குப் போகலாம் அத்தை" என்றேன். ஈராண்டுகளுக்கு முன்பு ஆட்டத்தை விட்டது ஒரு பழிச்சொல்லுக்கு அஞ்சி. அன்று விட்டது என் உடல் சொன்னதைக் கேட்டு. இரண்டும் ஒன்றல்ல என்பதை அன்று உணர்ந்தேன். டிசம்பரில் மகள் நலமாகப் பிறந்தாள்.

அந்த மாதங்கள் என் வகுப்பையும் மாற்றின. வீட்டில் ஆங்கிலமே பேசும் தொடக்கநிலை நான்கு மாணவன் ஒருவனிடம் ஒவ்வொரு வாரமும் முழுப்பக்கக் கட்டுரை கேட்டு வந்தேன். அவன் வெற்றுத்தாளைத் தருவான். ஒரு நாள், "ஐந்து வாக்கியம் போதும்" என்றேன். ஏழு எழுதினான். அவனுக்கும் தேவைப்பட்டது அரை வீச்சுத்தான்.

பின்னாளில் இத்தகைய செய்திகளைக் காணும்போதெல்லாம் மகிழ்ந்தேன். 2022இல் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாடில் நிறைமாதக் கர்ப்பிணியாக ஆடிய ஹரிகா துரோணவல்லி, இந்திய மகளிர் அணியுடன் வெண்கலம் வென்றார். ஆயினும் அவரையோ நூர் சூர்யானியையோ காட்டி எந்தக் கர்ப்பிணியையும் களத்துக்குத் துரத்தக்கூடாது. பழிச்சொல்லால் களத்திலிருந்து விரட்டவும் கூடாது. ஒவ்வோர் உடலும் வேறு. மருத்துவரைக் கேளுங்கள், பிறகு உங்கள் உடலைக் கேளுங்கள்.

அந்த மன்றம் 2018இல் மூடப்பட்டது. கோலாலம்பூர் அதிவிரைவு ரயிலுக்காகவும் நிலம் எடுக்கப்பட்டது. 2021 புத்தாண்டன்று அந்த ரயில் திட்டமே கைவிடப்பட்டதாக அறிவிப்பு வந்தது. தெங்கே நீர்ப்பரப்பில் அதே ஆண்டு முதல் 1,22,000 சூரியத் தகடுகள் மிதக்கின்றன. என் மகள் இன்று உயர்நிலைப்பள்ளி மாணவி. மட்டைப்பை அலமாரிக்குப் பின்னே இல்லை, கதவருகே இருக்கிறது. ரப்பர் உறிஞ்சியை மட்டும் நான் இன்னும் கழற்றவில்லை.