பின்னால் நிற்பவர்

ஓதிக்கொடுத்துக் காலம் கழிக்கும் ஒரு மவ்லவிக்குக் கோல்ஃப் மைதானத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. சிறுவயதில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் மலைநகர் ஒன்றில் மருத்துவராயிருக்கிறார். கோடை விடுமுறையில் அவர் அழைப்பின் பேரில் அங்கே சென்றிருந்தோம். "ஹஜ்ரத், காலையில் என்னோடு நடக்க வாருங்கள்; காற்று நன்றாக இருக்கும்" என்றார். நடை என்று எண்ணிப் புறப்பட்டோம். போய்ச் சேர்ந்த இடம் கோல்ஃப் மைதானமாயிருந்தது.

ஓட்டமில்லை, ஆரவாரமில்லை. பந்தை அடிக்க வேண்டும். அது விழுந்த இடத்துக்கு நடக்க வேண்டும். மீண்டும் அடிக்க வேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழிகள். இதைவிட நிதானமான விளையாட்டு உலகில் இருக்க முடியாது என்றே நமக்குத் தோன்றிற்று. நாமும் நிதானமாகவே நடந்தோம். பழைய மாணவரைக் கண்ட மகிழ்ச்சியில், அவர் மறந்துவிட்ட அரபு இலக்கணத்தைச் சோதித்துக்கொண்டே வந்தோம். அவர் மட்டையை ஓங்கும்போதுகூட ஒரு வினையின் வாய்பாட்டைக் கேட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நான்காவது குழிக்குப் போகும் வழியில் அவருடைய பந்து புதருக்குள் விழுந்தது. தேடத் தொடங்கியவர், ஏதோ நினைவு வந்தவராய்த் திரும்பிப் பார்த்தார். தொலைவில் இரண்டு இளைஞர்கள் மட்டையை ஊன்றியபடி நின்றிருந்தார்கள். உடனே கையை உயர்த்தி, "வாருங்கள்" என்று சைகை காட்டிவிட்டு, நம்மை ஒரு மரத்தடிக்கு அழைத்துச் சென்றார். இளைஞர்கள் அடித்தார்கள், விரைந்து நடந்து வந்தார்கள், நன்றி சொல்லி நம்மைக் கடந்து சென்றார்கள். அவர்கள் எட்டாத் தொலைவு போகும்வரை இவர் பந்தைத் தொடவில்லை.

நமக்கு அது பிடிக்கவில்லை. "முந்தி வந்தவர் நாமல்லவா தம்பி? முந்திய இடத்தில் முந்தியவருக்கே உரிமை என்று ஃபிக்ஹில் படித்ததை மறந்துவிட்டீரா?" என்றோம்.

அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். இந்த விளையாட்டில், முன்னே போகிறவர்கள் பந்து எட்டும் தொலைவைத் தாண்டாமல் பின்னே இருப்பவர் அடிக்கக்கூடாது. பந்து பட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஒரு குழு தாமதித்தால் அதன் பின்னுள்ள அத்தனை குழுக்களும் நின்றுவிடும். நால்வர் ஆளுக்குத் தொண்ணூறு அடி அடிப்பதாகக் கொண்டால் 360 அடிகள். ஒவ்வோர் அடிக்கும் 15 விநாடி வீணானால் ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது. வீணாக்குகிறவருக்கோ 15 விநாடி ஒரு பொருட்டாகவே தெரியாது. தமக்கு முன்னே ஒரு குழி முழுதும் வெறுமையாகக் கிடந்து, பின்னே ஆட்கள் காத்திருந்தால், குற்றம் நம்முடையது என்று அறிந்து ஒதுங்கி வழிவிட வேண்டும். அதுவே அங்குள்ள அதபு.

ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கு அடுத்த லீத் என்னும் ஊரில் 1744இல் பதின்மூன்று விதிகளோடு எழுத்து வடிவம் பெற்ற விளையாட்டு இது. பின்னாளில் வந்த மரியாதை நெறிகளின்படி, இருவர் ஆட்டத்துக்கு மூவர், நால்வர் ஆட்டம் வழிவிட வேண்டும். தனி ஒருவனாக வருபவனுக்கு எந்த உரிமையும் இல்லை. 2004இல் அந்த வரிசை மாறி, வேகமே முன்னுரிமையைத் தீர்மானிக்கும் என்றாயிற்று. தொலைந்த பந்தைத் தேட ஐந்து நிமிடம் என்றிருந்ததை 2019இல் மூன்று நிமிடமாகக் குறைத்தார்கள். அந்த மூன்று நிமிடத்தையும் கழித்துவிட்டுத்தான் கைகாட்டுவேன் என்று நிற்பதும் நாகரிகமில்லையாம்.

இன்னொன்றும் சொன்னார். 2013இல் அமெரிக்காவின் அகஸ்டாவில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில், குவான் தியான்லாங் என்ற பதினான்கு வயதுச் சீனச் சிறுவன் தாமதித்து ஆடியதற்காக ஓர் அடி தண்டனை பெற்றான். சிறுவனென்று நடுவர் இரங்கவில்லை. அவனும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டு தொடர்ந்து ஆடினான். பெரியவர்கள் பலர் தப்பித்துக்கொள்ள ஒரு பிள்ளை அகப்பட்டது சரியா என்று நமக்குள் ஒரு கேள்வி எழுந்தது. நிற்க.

"இதையெல்லாம் இங்கேதான் கற்றீரா?" என்று கேட்டோம்.

சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "இல்லை ஹஜ்ரத். எங்கள் அத்தாவிடம்" என்றார்.

அவருடைய தந்தை கைவண்டி இழுத்தவர். முப்பது ஆண்டுகளுக்கு முன், நாம் மதரஸாவிலிருந்து புதிதாக வெளிவந்து அந்த ஊர்ப் பள்ளிவாசலில் இமாமாக நின்ற நாட்களில், முதல் ஸஃப்பில் நிற்பார். நமக்கு அப்போது நல்ல குரல். இஷாவில் நீண்ட சூராக்களை ஓதுவோம். ஓதல் இனிமையாயிருக்கிறதென்று ஊரார் சொல்வதைக் கேட்டு இன்னும் நீட்டுவோம். சில மாதங்களில் அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். வேறு பள்ளிக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டோம். ஈமானில் தளர்ச்சி என்று முடிவு செய்து, ஒருநாள் ஓதும் பிள்ளைகள் முன்னிலையில் ஜாடையாகப் பேசியும்விட்டோம். மகனும் அங்கே அமர்ந்திருந்தான்.

"இரவு லாரிக்கு மூட்டை ஏற்றினால்தான் மறுநாள் அடுப்பெரியும் ஹஜ்ரத். தொழுகை முடிந்து போனால் லாரி போயிருக்கும். தொழுகையை முறித்துக்கொண்டு போகவும் அத்தாவுக்கு மனம் வரவில்லை. உங்களிடம் சொல்லவும் கூசினார். இமாமின் ஓதல் நல்ல ஓதல், அதற்கு நேரமுள்ளவர்கள் பின்னால் நிற்கட்டும் என்று மட்டும் சொல்வார்."

முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களின் ஹதீஸை முப்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறோம். பகலெல்லாம் தண்ணீர் இறைக்கும் ஒட்டகங்களோடு உழைத்து வந்த ஒருவர், முஆத் நீண்ட சூராவைத் தொடங்கியதும் விலகித் தனியே தொழுதுவிட்டுப் போனார். அவரை நயவஞ்சகர் என்று முஆத் கூற, செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்றது. அண்ணலார் கடிந்துகொண்டது தொழுகையை விட்டு விலகியவரை அன்று; முஆதைத்தான். முதியவரும் நலிந்தவரும் அலுவல் உள்ளவரும் பின்னால் நிற்கிறார்கள் என்று நினைவூட்டினார்கள். அறிவிப்பாளர் வரிசையை மனப்பாடமாகச் சொல்வோம். பின்னால் நின்றவர் கைவண்டிக்காரர் என்பது மட்டும் நமக்குத் தெரியாமற் போயிற்று.

"அத்தா இருக்கிறார்களா?" என்றோம்.

"மவுத்தாகி எட்டு வருடமாயிற்று" என்றார்.

அதன்பின் வாய்பாடு எதையும் நாம் கேட்கவில்லை. மீதிக் குழிகளை அவர் ஆடி முடிக்கும்வரை சற்றுத் தள்ளியே நடந்தோம். யாராவது காத்திருக்கிறார்களா என்று அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டோம்.

அன்று மாலை அவர் வீட்டில் மஃரிபுக்கு முஸல்லா விரித்தார்கள். வழக்கம்போல் நமக்காக முன்னிடத்தை ஒழித்து வைத்திருந்தார்கள். "நீர் நில்லும் தம்பி" என்று அவரை முன்னே அனுப்பிவிட்டு, அவருடைய பிள்ளைகளோடு பின் வரிசையில் நின்றோம். இரண்டு சிறிய சூராக்களை ஓதினார். ஸலாம் கொடுத்தபோது அடுக்களையில் ஏற்றிய பால் இன்னும் பொங்கியிருக்கவில்லை.