கை கழுவக் கொஞ்சம் வெந்நீர்

குன்னூரில் மார்கழிக் குளிர் எப்படி இருக்கும் என்று அங்கே குடும்பம் நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியும். சென்ற மார்கழியில் என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். கொள்ளுப்பேரனைக் கீழே விடவே மனசில்லாமல் தூக்கி வைத்துக் கொண்டிருந்தார் என் மாமியார். ஆனால் அவர் கை கழுவாமலே குழந்தையைத் தொடுவதை இரண்டு மூன்று தடவை கவனித்தேன். மெதுவாகக் கேட்டேன்.

"தண்ணி ஐஸாட்டம் கடிக்குதும்மா. விரலு மடங்கவே மாட்டேங்குது" என்றார். மூட்டுவலிக்காரர். எனக்குச் சுருக்கென்றது.

முதலில் வாளியில் ராடு போட்டுச் சமாளித்தேன். ஒருநாள் அவசரத்தில் சுவிட்சை அணைக்காமலே சூடு பார்க்க விரலை வைத்தேன். சுரீரென்று ஷாக்! அன்றோடு ராடு பரண் ஏறியது.

அடுத்து, குழாயிலேயே சுடச்சுட வரும் ஹீட்டர் வாங்கலாம் என்று கிளம்பினேன். வீட்டு எலெக்ட்ரீஷியன் தடுத்து விட்டார். "அது 3000 வாட்டும்மா, 13 ஆம்பியர் இழுக்கும். உங்க சமையலறையில இருக்கிறது 6 ஆம்பியர் பிளக். ஒயர் கருகிடும்" என்றார்.

"அப்போ 1000 வாட்டில் வாங்கினால்?" என்றேன். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். நிமிஷத்துக்கு 2 லிட்டர் ஓடும் தண்ணீரை 1000 வாட் வெறும் 7 டிகிரிதான் சூடாக்குமாம். 15 டிகிரித் தண்ணீர் 22 டிகிரி ஆனால் யாருக்கு என்ன பிரயோஜனம்? வாட் குறைவாக வேண்டுமென்றால் ஓடும் தண்ணீரை நம்பக்கூடாது. கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைத்துச் சுட வைக்க வேண்டும். இதுதான் நான் கற்ற பாடம்.

கடைசியில் 6 லிட்டர் பிடிக்கும் 2000 வாட் தொட்டி ஹீட்டர் வாங்கினோம். அதற்கும் 9 ஆம்பியர் வேண்டும். ஆகவே தனி ஒயர் இழுத்து, 16 ஆம்பியர் பிளக், எர்த், ஷாக் அடித்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் சுவிட்ச் எல்லாம் போட்டோம். ஐந்தாறு நிமிஷத்தில் 40 டிகிரி வந்து விடுகிறது. ஒரு தடவைக்குக் கால் யூனிட்கூட ஆவதில்லை. குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகே சுவிட்சைப் போடுவேன்.

வாடகை வீட்டுச் சகோதரிகள் சுவரை உடைக்க முடியாதே! 1000 வாட் கெட்டில் ஒன்று போதும். ஒரு லிட்டர் கொதிக்க ஆறேழு நிமிஷம். மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரை முதலில் வாளியில் ஊற்றி, பிறகு கொதிநீரைக் கலந்தால் இதமான சூடு கிடைக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் கெட்டிலை வையுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். கை தாங்குகிற சூட்டில் கிருமி சாகாது. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்ப்பதுதான் முக்கியம். தண்ணீர் இதமாக இருந்தால்தான் வலிக்கிற கை அவ்வளவு நேரம் தேய்க்கும்.

இப்போதெல்லாம் அத்தை என்னிடம் இரண்டு கையையும் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் பேரனைத் தூக்குகிறார்!