மூன்று திரைகள்

கருவிகளை விலைகொடுத்து வாங்குதல் எளிது. அவற்றின் இயல்பை அறிதலே அரிது. இவ்வுண்மையை நான் அறிந்துகொண்ட வரலாற்றை நம் கல்லூரி நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

பூவிருந்தவல்லிக்கு மேற்கே, செம்பரம்பாக்கம் ஏரிக்கு அணித்தாயுள்ள குத்தம்பாக்கமே எனது வாசஸ்தலம். 2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 25-ஆம் தேதி தேசமெங்கும் ஊரடங்கு தொடங்கியது. ஒரு தொழிற்சாலையிற் சம்பளக் கணக்கு எழுதிவந்த நானும் மடிக்கணினியுடன் வீட்டுக் கூடத்தில் உட்காரலானேன். அலுவலகத்திற் பெரிய திரைகள் இரண்டு வைத்து, ஒன்றில் வருகைப் பதிவையும் மற்றதிற் சம்பளப் பட்டியலையும் ஒப்புநோக்கிப் பழகியவன் நான். இங்கோ, ஒன்றை மறைத்தே மற்றொன்றைப் பார்க்க வேண்டியதாயிற்று. அவ்வாறு மாற்றி மாற்றிப் பார்க்கையில், ஒரு தொழிலாளியின் வரியில் அடுத்தவருடைய நாட்கணக்கை எழுதிவிட்டேன். அவருக்கு எட்டு நாட் கூலி குறைந்துபோயிற்று. அவர் தொலைபேசியில் அழைத்து, சிறிதும் கோபியாமல், "ஐயா, ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள், அரிசி வாங்கவேண்டும்" என்றார். அம்மெல்லிய குரல் என்னைச் சுட்டது. பிழையைத் திருத்திப் பணத்தைச் சேர்ப்பிக்க மூன்று தினங்கள் சென்றன.

கடைகள் திறந்ததும் சென்னை ரிச்சி தெருவிற் பழைய மானிட்டர்கள் இரண்டு வாங்கிவந்தேன். "கண் இரண்டுதானே, திரை மூன்றெதற்கு?" என்றார் என் தாயார். மடிக்கணினியில் எச்.டி.எம்.ஐ. துவாரம் ஒன்றே இருந்தமையால், ஒரு வழியை இரு கிளையாக்கும் கருவியை மாட்டினேன். இரண்டும் ஒளிர்ந்தன, ஆயின் இரண்டிலும் ஒரே காட்சி! அக்கருவி ஒரு படத்தைப் பிரதிசெய்யுமேயன்றி வேறொன்றை உண்டாக்காது. கண்ணாடி இரண்டு வைத்தால் முகம் இரண்டாகுமோ?

பின்னர் யு.எஸ்.பி.-சி துவாரத்தை நாடினேன். அதிலும் படம் வரவில்லை. அத்துவாரங்கள் வடிவில் ஒன்றாயினும் குணத்தில் வேறாம். சில, மின்சாரத்தையும் கோப்புகளையும் மாத்திரமே சுமக்கும். டிஸ்பிளேபோர்ட் வசதியுள்ளவையே படத்தையும் சுமக்கும். இதைக் கணினியின் விவரக்குறிப்பில் முன்னரே படித்திருக்கலாம். சில கணினிகளுக்கோ எல்லையே உண்டு: 2020-இல் வந்த எம்1 மேக்புக் ஏர் வெளித்திரை ஒன்றையே இயல்பாக ஏற்கும்.

அதன்பின் கணக்குப் பார்த்தேன். 1920-ஐ 1080-ஆற் பெருக்க, ஒரு திரையில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 24 பிட்டுகளாக விநாடிக்கு 60 முறை அனுப்பின், ஏறக்குறைய 300 கோடி பிட்டுகள் ஆகும். பழைய யு.எஸ்.பி. 2.0 வழியோ விநாடிக்கு 48 கோடியே கொள்ளும். எனவே யு.எஸ்.பி. 3.0 துவாரத்தில், படத்தைச் சுருக்கி அனுப்பும் டிஸ்பிளேலிங்க் வகைக் கருவியைப் பொருத்தி, அதற்குரிய மென்பொருளையும் நிறுவினேன். விண்டோஸ் விசையுடன் 'பி' எழுத்தை அழுத்தி, திரையை நீட்டிக்கும் முறையைத் தெரிந்துகொண்டேன். உடனே மூன்று திரைகளிலும் மூன்று காட்சிகள் தோன்றின. ஆயினும் வலப்புறத் திரைக்குச் செல்லவேண்டிய அம்பு இடப்புறம் ஓடிற்று! அமைப்புப் பக்கத்தில் திரைகளின் எண் கட்டங்களை மேஜையில் உள்ளபடியே வரிசைப்படுத்த, அதுவும் நேராயிற்று.

இப்பொழுது இடத்திரையில் வருகைப் பதிவு, வலத்திரையிற் சம்பளப் பட்டியல், நடுவே கடிதங்கள். மாதந்தோறும் அந்தத் தொழிலாளியின் வரியையே முதலில் ஒப்பிடுகின்றேன். என் தாயாரின் வினாவுக்கு விடை அதுவே: கண் இரண்டேயாயினும், அவை பார்க்கவேண்டிய குடும்பங்கள் பல.

மாணவ நண்பர்காள்! கருவி வாங்குமுன் துவாரத்தை அறிமின். கணக்கை முடிக்குமுன் அதன் மறுபுறத்திலுள்ள மனிதரை நினைமின்.