மதினி கேட்ட கேள்வி

அண்ணன் வீட்டுப் பீரோவின் அடித்தட்டில் ஒரு பெரிய காகித உறை இருக்கிறது. 2021-ஆம் வருஷம் மே மாதம் அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எடுத்த ஸ்கேன் படங்கள். அண்ணனுடைய வேஷ்டி சட்டைகளையெல்லாம் கொடுத்துவிட்ட மதினி, அந்த உறையை மட்டும் விடவில்லை. போன மாதம் நான் போயிருந்தபோது அதை என் கையில் கொடுத்தார்.

"தம்பி, நீங்க எவ்வளவோ படிக்கிறீங்க. இதிலே வெள்ளை வெள்ளையாய் இருக்கே, உள்ளே என்னதான் நடந்தது?"

கதை எழுதுகிறவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? இட்டுக்கட்டிச் சொல்ல எனக்கு வரும். ஆனால் மதினியிடம் அந்தச் சரக்கு விலை போகாது. ஆகவே ஊருக்குத் திரும்பியதும் படிக்க உட்கார்ந்தேன்.

1895-ல் ராண்ட்ஜென் கண்டுபிடித்த எக்ஸ்ரே, வெறும் நிழல். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும். 1971-ல் லண்டனில், ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற என்ஜினீயரின் இயந்திரம் பல கோணங்களிலிருந்து நிழல்களைப் பிடித்து, கணக்குப் போட்டு, ஒரு நோயாளியின் மூளையை வாழைத்தண்டு நறுக்கியதுபோல் வில்லை வில்லையாகக் காட்டியது. கத்தியில்லாமல் நறுக்குகிற வித்தை!

அண்ணனுடைய படமும் அந்த வித்தைதான். ஆனால் ஆஸ்பத்திரி ஸ்கேனில் அரை மில்லிமீட்டருக்குக் கீழே எதுவும் சரியாகத் தெரியாது. நுரையீரலின் காற்றுப்பைகளோ அதைவிடச் சின்னவை; அவற்றைச் சுற்றி ஓடும் ரத்தக் குழாய்கள் தலைமயிரைவிட மெல்லியவை. சண்டை நடந்தது அங்கே. நம் கையில் இருப்பது அதன் புகை மட்டுமே.

அந்த இடத்தையும் பார்த்துவிட்டார்கள். பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்தில் 844 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வளையம் இருக்கிறது. அதில் எலெக்ட்ரான்களை ஓடவிட்டு மகா பிரகாசமான எக்ஸ்ரே கதிர்களை உண்டாக்குகிறார்கள். அங்கே புதைபடிவங்களை ஆராய்ந்து வந்த பால் டஃபோரோவும், லண்டனிலிருந்து பீட்டர் லீயின் குழுவினரும் சேர்ந்து, இறந்தவர்களின் உறுப்புகளை முழுசாகப் படம் எடுக்கும் முறை ஒன்றை 2021-ல் வெளியிட்டார்கள். உறுப்பைப் பதப்படுத்தி, அசையாதபடி ஜாடியில் கடல்பாசிக் கூழுக்குள் நிறுத்துகிறார்கள். நோன்புக் காலத்தில் அடுத்த வீட்டிலிருந்து கிண்ணத்தில் வருமே, அதே கடல்பாசிதான்! ஜாடி கதிரின் முன்னால் மெல்லச் சுழலும். முழு நுரையீரலையும் பார்த்துவிட்டு, வேண்டிய இடத்தில் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும் நெருங்கலாம்.

கோவிட் கண்டு இறந்தவரின் நுரையீரலில் அவர்கள் கண்டது இது. பிராணவாயுவை வாங்கிக்கொள்ளும் குழாய்கள் ஒரு வகை. நுரையீரலுக்கே ஊட்டம் கொடுக்கும் குழாய்கள் இன்னொரு வகை. இரண்டுக்கும் நடுவே குறுக்கு வழி உண்டாகி, ரத்தம் போதிய பிராணவாயு பெறாமலே போய்க்கொண்டிருந்தது.

மறுபடி போனபோது மதினியிடம் சொன்னேன். அண்ணனுக்கும் இதேதான் நடந்தது என்று சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன்.

"அவருக்கும் அப்படிப் படம் எடுத்திருக்கலாமே?"

"உயிருள்ள உடம்பு அந்தக் கதிரைத் தாங்காது மதினி. இறந்தவர்களுடையதை யாராவது கொடுத்தால்தான் உண்டு. நம்மைக் கேட்டிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். முகத்தைக்கூடப் பார்க்கவிடாமல் கட்டிக் கொடுத்தார்களே, அதிலும் ஒரு பங்கா என்று சண்டைக்குப் போயிருப்பேன்."

மதினி கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நான் போட்டிருப்பேன் தம்பி. முப்பது வருஷம் வாத்தியாராய் இருந்தவர். இன்னும் ஒரு பாடம் என்றால் வேண்டாம்னா சொல்லியிருப்பார்?"

உறையை வாங்கிப் பழைய இடத்திலேயே வைத்தார். நான் புறப்படும்போது, உடல் தானத்துக்கு எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தமக்காக விசாரித்துச் சொல்லச் சொன்னார்.

இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.