பூ கொடுக்காத மணம்

ஐரோப்பாவின் குளிர்ந்த காடுகளில் வசந்தகாலத்தில் பூக்கும் லில்லி ஆஃப் தி வேலி, சிறு வெள்ளை மணிகளைச் சரமாகக் கோத்ததுபோல் இருக்கும். பிரான்சில் மே 1 அன்று இதன் கொத்து ஒன்றைக் கையில் கொடுத்து வாழ்த்துவது நெடுநாள் வழக்கம். மணத்தை இவ்வளவு தாராளமாகக் காற்றில் விடுகிற இந்தப் பூ, தைலமாக எதையும் தருவதில்லை. வாலையில் வடித்தாலும் கரைப்பானில் ஊறவைத்தாலும் வியாபாரத்துக்கு உதவும்படி ஒன்றும் தேறாது. ஆகவே இந்தப் பூவின் பெயரோடு விற்ற சென்ட்டும் சோப்பும் துணி வெளுக்கும் தூளும் ஏறக்குறைய முழுக்க முழுக்க ஆய்வுக்கூடத்தின் மணத்தையே சுமந்து வந்திருக்கின்றன. செயற்கைப் பூவாசனையைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான பூ எனக்குத் தெரியவில்லை. 'இயற்கையா, செயற்கையா' என்ற கேள்வி இந்தப் பூவிடம் செல்லாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: உள்ளே இருக்கும் மூலக்கூறு எது, அதைச் சோதித்தவர் யார், வாங்குகிறவருக்கு அதன் பெயரைச் சொல்கிறார்களா?

முதலில் கைகொடுத்தது ஹைட்ராக்சிசிட்ரோனெல்லால். சிட்ரோனெல்லா புல்லின் எண்ணெயில் உள்ள ஒரு பொருளிலிருந்து இதைச் செய்யலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது சந்தைக்கு வந்த பிறகுதான் அந்தப் பூவின் மணம் புட்டிக்குள் அடங்கியது. எட்மண்ட் ருட்னிட்ஸ்கா என்ற வாசனைக் கலைஞர் இந்தப் பூவைத் தன் தோட்டத்தில் வளர்த்து, முகர்ந்து முகர்ந்து படித்து, 1956இல் டியோரிசிமோ என்ற சென்ட்டை உருவாக்கினார். உண்மையான பூவுக்கு மிக அருகில் போன வாசனை என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். செயற்கை என்ற காரணத்துக்காக அதைப் போலி என்று தள்ளுவது அந்த உழைப்புக்கு இழைக்கும் அநீதி. பிறகு லிலியால், லைரால் என்ற இரண்டு மூலக்கூறுகள் வந்தன. விலை மலிவு, நெடுநேரம் நிற்கும் மணம். இவை விலையுயர்ந்த சென்ட்டோடு நிற்காமல் ஷாம்பு, கிரீம், சலவைத் தூள் என்று வீட்டின் எல்லா அறைகளுக்கும் பரவின.

அந்தப் பரவலே பிரச்சினையாகவும் ஆனது. ஐரோப்பியத் தோல் மருத்துவர்கள் முதுகில் சிறு பட்டைகள் ஒட்டி ஒவ்வாமை சோதித்தபோது லைரால் திரும்பத் திரும்ப அகப்பட்டது. 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனப் பொருள்களில் அதைத் தடை செய்ய முடிவெடுத்தது. அது சேர்ந்த அழகுசாதனப் பொருள்களை 2021 ஆகஸ்டுக்குள் கடைகளிலிருந்து முற்றிலும் விலக்கச் சொன்னது. அதே ஆணை அட்ரனால், குளோரோஅட்ரனால் என்ற இரண்டையும் தடை செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அவை ஆலையில் பிறந்தவை அல்ல. நம் சமையலில் சேரும் கல்பாசியின் உறவான ஓக்மாஸ் என்ற மரப்பாசியின் சாரத்தில் இயல்பாகவே இருப்பவை. சட்டம் பிறப்பிடம் பார்க்கவில்லை, தோல் என்ன சொன்னது என்று மட்டும் பார்த்தது. லிலியாலின் கதை இன்னும் கூர்மையானது. விலங்குச் சோதனைகளில் அது இனப்பெருக்கத்தைப் பாதித்தது. நிபுணர் குழு ஆராய்ந்தபோது, ஒவ்வொரு பொருளிலும் உள்ள அளவு தனித்தனியே ஏற்கத்தக்கதாகத் தெரிந்தது. ஆனால் ஒரே ஆள் காலையில் சோப்பு, பிறகு கிரீம், பிறகு டியோடரண்ட் என்று எல்லாவற்றையும் போட்டுக்கொண்டால் பாதுகாப்பானது என்று சொல்ல முடியவில்லை. 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பாவில் அழகுசாதனப் பொருள்களில் அதற்கு இடமில்லை.

இதைக் கேட்டதும், 'அப்படியானால் இயற்கைத் தைலத்துக்கே திரும்பிவிடலாமே' என்பார்கள். திரும்பினால் என்ன கிடைக்கும்? லில்லி ஆஃப் தி வேலி செடியே நஞ்சு. இதயத் துடிப்பைக் குலைக்கும் பொருள்கள் அதில் உண்டு. கொத்தமல்லி விதையின் எண்ணெயில் பெரும்பங்காகவும் மல்லிகையில் ஓரளவும் இருக்கும் லினலூல், காற்றுப்பட்டுப் பழசானால் ஒவ்வாமை தரும் பொருளாக மாறுகிறது. பூவில் பிறந்தாலும் ஆலையில் பிறந்தாலும் அப்படித்தான். மல்லிகைச் சாரத்துக்கே வாசனைத் தொழிலின் விதிகள் அளவு வரம்பு வைத்திருக்கின்றன. தைலம் என்பது பல பொருள்கள் சேர்ந்த கூட்டம். பருவத்துக்கும் மண்ணுக்கும் ஏற்ப மாறும். தனி மூலக்கூறையோ சோதிக்கலாம், அளக்கலாம், குற்றம் கண்டால் பெயர் சொல்லி வெளியேற்றலாம். லைராலுக்கும் லிலியாலுக்கும் நடந்தது அதுதான். அவற்றுக்குப் பதிலாக வரும் புதியவற்றுக்கும் இதே சோதனை, இதே கண்டிப்பு வேண்டும். பழையது போனதாலேயே புதியது நல்லதாகிவிடாது.

இன்னொரு மறுப்பு கனமானது: செயற்கை மணம் பூ விவசாயியின் வயிற்றில் அடிக்காதா? 1897இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலச்சாயம் வந்து இந்திய அவுரி விவசாயத்தைச் சாய்த்ததை அறிந்தவர்கள் இதைக் கேட்பது நியாயம். ஆனால் மல்லிகையின் நிலை வேறு. ஆயிரம் கிலோ பூவிலிருந்து மிகச் சில கிலோ அளவுக்கே மெழுகுப் பதத்தில் சாரம் கிடைக்கிறது. அந்தச் சாரத்தைத் தரை துடைக்கும் திரவத்தில் ஊற்றி யாரும் விற்க முடியாது. அங்கே இருப்பது பெரும்பாலும் பென்சைல் அசிட்டேட் போன்ற, ஆலையில் மலிவாகச் செய்யும் பொருள்கள். மதுரை மல்லியின் விலையை ஏற்றுவது முகூர்த்த நாளும் கோயிலும் கூந்தலும். அந்த இடத்துக்கு எந்த ஆலையும் வர முடியாது. விவசாயிக்கு உண்மையில் தேவைப்படுவது பூ மிஞ்சும் நாளில் சாரம் எடுக்கும் ஆலை கொடுக்கும் கட்டுப்படியான விலை. செயற்கை வாசனையைப் பழிப்பதால் அது வந்துவிடாது.

கடைசியாக நிறுவனங்களின் வாதம்: கலவை எங்கள் ரகசியம், சொன்னால் போட்டியாளர் திருடிவிடுவார். போட்டியாளரிடம் அந்தக் கலவையைப் பெருமளவு பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராஃப் கருவி ஏற்கெனவே இருக்கிறது. இருட்டில் நிற்பது வாங்குகிறவர் மட்டுமே. ஒவ்வாமை தரும் பொருள்களின் பெயரைச் சொன்னால் போதும், விகிதத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பா 2003லேயே அழகுசாதனப் பொருள்களுக்காக அப்படி 26 பொருள்களைப் பட்டியலிட்டது. 2023இல் அதை எண்பதுக்கு மேலாக விரித்தது. அங்கே வாசனைத் தொழில் அழிந்துவிடவில்லை. நம் கடைகளில் புட்டியின் முன்பக்கம் மல்லிகைப் படம் பெரிதாக இருக்கிறது. பின்பக்கம் பெரும்பாலும் 'பெர்ஃப்யூம்' என்ற ஒரே சொல். கைக்குழந்தையின் துணியைத் துவைக்கும் தாய்க்கும், நாள் முழுவதும் பிறர் வீட்டுத் தரையைத் துடைத்துக் கை வெடித்துப்போன பெண்ணுக்கும் அந்த ஒரு சொல் போதாது. பெயர்களை அச்சிடும்படி சட்டம் வர வேண்டும். அது வரும்வரை, புட்டியில் இருக்கும் நுகர்வோர் எண்ணுக்கு அழைத்து உள்ளே என்ன மணப்பொருள் இருக்கிறது என்று கேளுங்கள்.