அரித்த இடமும் அரிக்காத இடமும்

கல்முனைத் தேநீர்க் கடையில் நண்பர் அடித்துச் சொன்னார்: "நாவிதன்வெளிப் பக்கம் வயல்காரருக்கெல்லாம் சொறி. எண்ணெய் அடிக்கிறதாலதான்." எண்ணெய் என்றால் இங்கே பூச்சிமருந்து. பிளேன்டீ ஆறுவதற்குள் விசாரணையும் தீர்ப்பும் முடிந்துவிட்டன. எனக்கு மனம் ஆறவில்லை. மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

கிட்டங்கித் தாம்போதியில் பஸ் மெதுவாகும். மாரி வெள்ளம் மேலால் பாய்ந்தால் இந்த வழியே அடைபட்டுவிடும். அன்று இரண்டு பக்கமும் ஆற்றுவாழை மூடிக் கிடந்தது, தண்ணீரே தெரியவில்லை. அதைக் கடந்தால் கண்ணுக்கு எட்டும் வரை வயல்.

நண்பரின் மாமா வீட்டு முற்றத்திலேயே சட்டையைத் தூக்கிக் காட்டினார். சாரன் இறுக்குகிற இடுப்பைச் சுற்றி மூன்று வட்டங்கள், பெரியது உள்ளங்கையை விட அகலம். நடுவில் தோல் தெளிந்திருந்தது, விளிம்பில் மட்டும் சிவந்து பொருக்கு கட்டியிருந்தது. எண்ணெய் படுகிற கையையும் கெண்டைக்காலையும் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. மாமிக்கு முழங்கை மடிப்பில் அதே வட்டம். பேத்திக்குக் கன்னத்தில். அந்தப் பிள்ளை வயலுக்குப் போனதே இல்லை. கொடியில் ஒரே ஒரு துவாய் காய்ந்துகொண்டிருந்தது.

"பூசினா ரெண்டு நாள்ல அரிப்பு நிக்கும் மகன். விட்டா திரும்ப வரும்," என்று மாமா ஜன்னல் கட்டையிலிருந்து ஒரு டியூப்பை எடுத்துத் தந்தார். பற்பசைபோல் கடைசி வரை சுருட்டிப் பிதுக்கியிருந்தார். வாங்கிய கடை இருநூறு மீற்றர் தூரம்தான், நடந்தே போனேன். 450 ரூபா. பெட்டியின் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டு வாசித்தேன்: பூஞ்சை மருந்து ஒன்று, அன்டிபயோட்டிக் ஒன்று, கூடவே குளோபெட்டசோல். கடைசியில் சொன்னது ஸ்டீரொய்ட், அந்த வகையிலேயே வலுக்கூடியது. பக்கத்துத் தட்டில் முகம் வெளுக்கிற கிறீம்கள். ஒன்றின் பெட்டியில் செய்தவர் முகவரியே இல்லை. இப்படிப்பட்ட கிறீம்களில் பாதரசம் இருந்து பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

அடுத்த கிளினிக் நாளில் மாமாவோடு கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போனேன். துண்டு இலவசம், காத்திருப்பு இரண்டரை மணி நேரம். வாங்கில் முகப்பரு, பொடுகு, கரப்பன், வெண்படை என்று எல்லா வயதும் உட்கார்ந்திருந்தது. மருவைத் திரவ நைதரசனால் உறையவைத்து உதிர்க்கலாம், வெண்படைக்கு ஒளிச் சிகிச்சை உண்டு என்று தாதி ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

டொக்டர் வட்டத்தின் விளிம்பை மழுங்கல் கத்தியால் மெல்லச் சுரண்டினார். கண்ணாடித் தகட்டில் மாவுபோல் விழுந்த செதிலில் ஒரு துளி பொட்டாசியம் ஐதரொக்சைட். சிறிது நேரத்தில் நுணுக்குக்காட்டிக்குள் கிளைவிட்ட நூல்கள் தெரிந்தன. படர்தாமரை. எண்ணெய் இல்லை, பூஞ்சைதான். பூஞ்சையோடு உடம்பு மல்லுக்கட்டுவதால்தான் அரிக்கிறது. ஸ்டீரொய்ட் அந்த எதிர்ப்பை அடக்குகிறது. அரிப்பு நிற்கும், பூஞ்சை சத்தமில்லாமல் படரும், தோல் மெலியும், தொடை இடுக்கில் வரி விழுந்தால் அது மாறாது. மாமாவுக்குச் சில வாரம் குளிசை, வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பூஞ்சைக் கிறீம். வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலம் வரை பூச வேண்டும், மறைந்த பிறகும் இரண்டு வாரம் பூச வேண்டும். துவாய் ஆளுக்கொன்று.

எழும்பப் போனவரை டொக்டர் நிறுத்தினார். "சட்டையை முழுசாக் கழட்டுங்க, ஐயா."

இடது தோளுக்குப் பின்னால் வெளிறிய ஒரு திட்டு, பழைய ஐந்து ரூபாக் குத்தியளவு. மாமாவைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சை நூலாகத் திரித்து முதுகைத் தொட்டார். தொட்ட இடத்தை மாமா விரலால் சரியாகக் காட்டினார். கழுத்து, காட்டினார். திட்டு. கை மடியிலேயே கிடந்தது. மறுபடியும் தொட்டார். "இன்னும் தொடல்லியா?" என்று கேட்டார் மாமா.

தொழுநோய். மட்டக்களப்பு வாவியில் மாந்தீவு என்றொரு தீவுக்கு இந்த நோயாளரை ஒதுக்கிய காலம் இருந்தது. 1980களில் கூட்டுமருந்து வந்தது. இலங்கையில் இப்போதும் வருடம் 1,000 பேருக்கு மேல் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். திட்டு ஐந்துக்குள் என்றால் 6 மாதம், அதற்கு மேல் என்றால் 12 மாதம் மருந்து, அதுவும் இலவசம். தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குத் தொற்றாது. பிந்தினால்தான் நரம்பு கெட்டு விரல் மடங்கும்.

"எவ்வளவு காலமா இருக்கு?"

"ரெண்டு வருசம் இருக்கும். அரிக்கல்லியே, அதான் காட்டல்ல."

பஸ்ஸில் வரும்போது மாமா மருந்து அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக் கையால் பொத்தியபடி வந்தார். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி 28 நாள் கழித்து. அன்றைக்கு மாமியையும் பேத்தியையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் முதுகை நீங்கள் பார்க்க முடியாது. வீட்டில் யாரையாவது நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.