பாறை மேல் பிளாசி

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே வளைகுடாவின் வாயிலில் ஆரன் தீவுகள் மூன்று இருக்கின்றன. அவற்றில் மிகச் சிறியது இனிஷீர். பாளம் பாளமாக வெடித்த சுண்ணாம்புக்கல் தரையும், சாந்து பூசாமல் அடுக்கிய கல்வேலிகளும்தான் தீவு முழுக்க. அதன் கிழக்குக் கரையில், அலை எட்டாத மேட்டில் துருவேறி நிற்கிறது ‘பிளாசி’ என்ற சரக்குக் கப்பல்.

இது சரக்குக்காகக் கட்டிய கப்பல் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல், பிரிட்டிஷ் கடற்படைக்காக இங்கிலாந்தின் பெவர்லியில் உருவானது. மீன்பிடிக் கப்பலின் வார்ப்பில் கட்டிய இந்தச் சிறு போர்க்கப்பல் வரிசைக்கு ஷேக்ஸ்பியரின் பாத்திரங்களைப் பெயராக வைத்தார்கள். இதற்குக் கிடைத்தது ஜூலியட். போர் முடிந்ததும் சரக்கேற்ற மாற்றி ‘பீட்டர்ஜான்’ என்றார்கள். 1951இல் லிமெரிக் நீராவிக் கப்பல் நிறுவனம் வாங்கி, பிளாசி என்று பெயரிட்டது. லிமெரிக்கை ஒட்டி அந்தப் பெயரில் ஓர் இடம் உண்டு. வங்கத்துப் பிளாசிப் போரில் வென்ற ராபர்ட் கிளைவ் தன் அயர்லாந்து நிலத்துக்கு இட்ட பெயர் அது.

1960 மார்ச் 8. விஸ்கி, நூல், வண்ணக் கண்ணாடி ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு கால்வே வளைகுடாவில் வந்த கப்பல் கடும் புயலில் சிக்கி, தீவுக்கு அருகே ஃபின்னிஸ் பாறையில் மோதித் தரைதட்டியது. உள்ளே 11 பேர்.

படகு நெருங்க முடியாத இடங்களுக்கென்றே அன்று ஒரு முறை இருந்தது. கரையிலிருந்து ராக்கெட்டில் மெல்லிய கயிற்றைக் கப்பலுக்கு எய்வார்கள். கப்பலில் இருப்பவர்கள் அதைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே தடித்த வடம் வரும். அதை உயரமான இடத்தில் கட்டுவார்கள். வடத்தில் ஓடும் கப்பியிலிருந்து ஒரு மிதவை வளையம் தொங்கும். அதன் அடியில் கித்தான் துணியில் தைத்த அரைக்கால் சட்டை. அதில் காலை நுழைத்து உட்கார்ந்தால் கரையில் இருப்பவர்கள் இழுத்துக்கொள்வார்கள். ஒரு தடவைக்கு ஒருவர்தான். அன்று இழுத்தவர்கள் தீவின் மக்களே. 11 பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள்.

சில வாரங்கள் கழித்து வந்த இன்னொரு புயல், வெறும் கூடாகிப்போன கப்பலைப் பாறையிலிருந்து பெயர்த்துத் தீவின் மீதே தூக்கிப் போட்டது. 1990களில் வந்த ‘ஃபாதர் டெட்’ என்ற நகைச்சுவைத் தொடரின் தொடக்கக் காட்சியில் இடம்பெற்றதால் அயர்லாந்தில் இதை அறியாதவர் குறைவு. கப்பலின் பக்கத் தகடுகளை உப்புக்காற்று அரித்துப் பெரிய பெரிய ஓட்டைகளாக்கிவிட்டது. 2014 ஜனவரிப் புயல் கப்பலையே நகர்த்தி வைத்தது.

இதே தீவில் புனித கைவான் தேவாலயம் என்றொரு பழைய இடிபாடு மணலுக்குள் இறங்கிக் கிடக்கிறது. ஜூன் 14, புனிதரின் திருநாள். ஆண்டுதோறும் அதையொட்டி ஊரார் மணலை அள்ளி அதை மீட்டெடுக்கிறார்கள். பிளாசியை எந்த மண்வெட்டியாலும் காப்பாற்ற முடியாது. அது துருவாய் உதிர்ந்து தீரும். காக்க வேண்டியது இரும்பையல்ல, 11 பேரை மீட்ட அந்தக் கதையை. டப்ளினுக்கு அருகே டன் லேரி கடல்சார் அருங்காட்சியகம் அதைப் படங்களாக வைத்திருக்கிறது. ஊரே சேர்ந்து வடம் பிடித்ததற்கு அதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் வேண்டியதில்லை.